ஒளியின் மறுகரை – 9: பிளாட்டினத்தை வீழ்த்திய பித்தளை

சென்ற வாரம் சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் நிறுத்தியிருந்தோம். 1991இல் பிரையன் ஓ'ரீகனும் மைக்கேல் கிராட்செலும் 'நேச்சர்' இதழில் அறிவித்த சாயச் சூரியக் கலம், தன்மேல் விழுந்த ஒளியில் 7 சதவீதத்துக்கு மேல் மின்சாரமாக்கிக் காட்டியது. ஒரு கண்ணாடியில் டைட்டானியம் டை ஆக்சைடும் சாயமும், நடுவே அயோடின் கரைசல், எதிரே பிளாட்டினம் பூசிய இன்னொரு கண்ணாடி. சாயத்துக்குப் பதிலாகச் சில நானோமீட்டர் அளவே உள்ள காட்மியம் செலினைடு துகள்களை, அதாவது குவாண்டம் புள்ளிகளை, வைத்தால் என்ன ஆகும் என்று கேட்டிருந்தேன்.

அயோடின் அந்தப் புள்ளிகளை அரித்துத் தின்றுவிடும்.

ஆகவே கரைசலை மாற்றினார்கள். சோடியம் சல்பைடும் கந்தகமும் நீரில் கரைந்த மஞ்சள் நிறப் பாலிசல்பைடு வந்தது. அழுகிய முட்டை நாற்றம்தான், ஆனால் புள்ளிகள் பிழைத்தன. இம்முறை அடி வாங்கியது எதிரே இருந்த பிளாட்டினம்.

எதிர்த்தகட்டின் வேலை என்ன? ஒளி பட்டதும் புள்ளியிலிருந்து கிளம்பும் எலக்ட்ரான், வெளிக்கம்பி வழியே போய் விளக்கெரித்துவிட்டு எதிர்த்தகட்டுக்கு வருகிறது. தகடு அதைக் கரைசலிடம் கொடுக்க வேண்டும். கரைசல் அதை இழந்த புள்ளியிடம் கொண்டுசேர்க்கும். இந்தக் கைமாற்றம் தாமதித்தால் கலம் முழுவதும் தேங்கிப்போகும். பிளாட்டினத்தின் மேற்பரப்பில் ஒட்டிக்கொண்ட கந்தகம் பிறகு அதை விடுவதில்லை. விலை உயர்ந்த அந்த உலோகம் கந்தகம் மூடிய வெறும் தகடாகிவிடுகிறது.

மருந்து ஏற்கெனவே எழுதப்பட்டிருந்தது. 1973 எண்ணெய் நெருக்கடிக்குப் பிந்தைய ஆண்டுகளில், இஸ்ரேலின் ரெஹோவோட்டிலுள்ள வைஸ்மன் நிறுவனத்தில் கேரி ஹோட்ஸ், யூஸ்ட் மனாசென், டேவிட் கஹேன் மூவரும் பாலிசல்பைடு கலங்களோடு போராடிக்கொண்டிருந்தார்கள். 1980இல் அவர்கள் வெளியிட்ட கட்டுரை, செம்பு, கோபால்ட், ஈயம் ஆகியவற்றின் சல்பைடுகளை எதிர்த்தகடாக முன்வைத்தது. பிளாட்டினத்தை முடக்கும் கந்தகம் இவற்றின் உடம்பிலேயே இருக்கிறது. புதிதாக வந்து கெடுக்க ஒன்றுமில்லை. குவாண்டம் புள்ளிகளுக்காக 2023இல் மூவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அந்தப் புள்ளிகள் மின்சாரம் தர வழிவிட்ட இந்த மூவரின் பெயர் துறைக்கு வெளியே ஒலிப்பதில்லை. இது நியாயமில்லை என்றே நினைக்கிறேன்.

செம்பு சல்பைடுத் தகட்டின் செய்முறையைக் கேட்டால் சிங்கப்பூரின் தேக்கா வாசகர்கள் வியப்பார்கள். சிராங்கூன் சாலைக் கடைகளில் அடுக்கியிருக்கும் குத்துவிளக்கின் அதே பித்தளைதான், செம்பும் துத்தநாகமும். பித்தளைத் தகட்டைச் சூடான ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஊறவைத்தால் மேற்பரப்புத் துத்தநாகம் கரைந்துபோய், செம்பு சொரசொரப்பாக மிஞ்சும். அதன்மேல் பாலிசல்பைடை விட்டதும் கறுக்கும். அந்தக் கறுப்புதான் செம்பு சல்பைடு. வீட்டில் புளி போட்டுத் தேய்த்து நாம் போக்குகிற கறுப்பை ஆய்வுக்கூடங்கள் வேண்டுமென்றே வரவழைத்தன. 2000களின் பிற்பகுதியில் குவாண்டம் புள்ளிக் கலங்களுக்கு இதுவே வழக்கமான எதிர்த்தகடாயிற்று.

ஆனால் பாலிசல்பைடு மேற்பரப்போடு நிற்கவில்லை. கறுப்புப் படலத்தின் துளைகள் வழியே இறங்கி உள்ளிருக்கும் பித்தளையையும் தின்னத் தொடங்கியது. படலம் தடித்து, உதிர்ந்து, கரைசலில் மிதந்தது. கலம் நாள்பட உழைக்காது என்பது தெளிவாயிற்று. அமெரிக்காவின் நோட்டர் டேம் பல்கலைக்கழகத்தில் பிரசாந்த் காமத் குழு 2011இல் பித்தளையையே கைவிட்டு, செம்பு சல்பைடை ஒடுக்கிய கிராஃபீன் ஆக்சைடோடு சேர்த்துப் பூசியது.

அதே 2011இல் சிங்கப்பூரின் மேற்குக் கோடியிலும் சல்பைடு பேச்சுதான். ஜூரோங் பக்கம், நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் சுபோத் மைசால்கர், நிருபன் மேத்யூஸ் ஆகியோரின் குழு, கோபால்ட் சல்பைடையும் நிக்கல் சல்பைடையும் கரைசலிலிருந்தே தயாரித்து எதிர்த்தகடாக்கியது. பிளாட்டினம் பூச வழக்கமாகக் கண்ணாடியை 400 டிகிரி அளவுக்குச் சுடவேண்டும். இடமும் எரிபொருளும் விலையான இந்தத் தீவில் கரைசல் வழிக்கு ஈர்ப்பு அதிகம். அவர்கள் சோதித்தது குவாண்டம் புள்ளிக் கலத்தில் அல்ல, கிராட்செலின் அயோடின் கலத்தில். பாலிசல்பைடுக்காகப் பிறந்த சல்பைடு, பிளாட்டினத்தின் சொந்த வீட்டுக்குள்ளேயே நுழைந்துவிட்டது.

சல்பைடு வென்றுவிட்டது என்று நீங்கள் முடிவு கட்டியிருந்தால், கொஞ்சம் பொறுங்கள். 2013 அக்டோபரில் இதே மேத்யூஸும் மைசால்கரும், சம் ட்சே சியென்னோடு சேர்ந்து, 'சயின்ஸ்' இதழில் வேறொரு பொருளைப் பற்றி எழுதினார்கள். பெரோவ்ஸ்கைட் என்ற அந்தப் படிகத்தில் எலக்ட்ரான் குறைந்தது 100 நானோமீட்டர் தொலைவு போகிறது என்று லேசர் கொண்டு அளந்திருந்தார்கள். அந்தப் பொருளால் செய்யும் கலத்துக்குத் திரவமே தேவையில்லை. அப்படியானால் திரவத்துக்காகவே உருவான சல்பைடுத் தகடு என்ன ஆயிற்று? அடுத்த வாரம் சொல்கிறேன்.

(தொடரும்)