ஓய்வு நாட் காலையும் இசைத்தட்டும்

உழைப்பின்றி ஊண் இல்லை. ஓய்வின்றி உழைப்பும் இல்லை. இஃது எல்லாரும் அறிந்த உண்மையே. ஆயினும், கிடைத்த ஓய்வை எங்ஙனம் கழிப்பது என்பதை நம்மில் மிகச் சிலரே எண்ணிப் பார்க்கின்றனர். ஆறு நாளும் கடிகாரத்தின் ஏவலுக்கு ஓடியவன், ஏழாம் நாட் காலையிலும் தன் மனம் ஓடிக்கொண்டே இருக்கக் காண்கின்றான். அவ்வோட்டத்தை அடக்கவல்ல எளிய மருந்துகளுள் தலைசிறந்தது இசை. அதனை வீட்டிற்குள் கொண்டுவந்து சேர்த்தது இசைத்தட்டு. ஓய்வு நாட் காலைக்கு ஏற்ற இசைத்தட்டு எது, அத்தகைய தட்டு உலகில் எவ்வாறு தோன்றிற்று என்னும் வரலாற்றைச் சுருங்கக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதற்கண் ஓய்வு நாளின் வரலாற்றை நோக்குவோம். ஞாயிற்றுக்கிழமை விடுமுறை இந்நாட்டுத் தொழிலாளிக்கு வானினின்று விழுந்த வரமன்று. பம்பாய் நூலாலைத் தொழிலாளர்க்காக நாராயண் மேகாஜி லோகாண்டே என்பவர் 1884-ஆம் ஆண்டு முதல் விண்ணப்பங்கள் அனுப்பியும், கூட்டங்கள் கூட்டியும் ஓயாது வேண்டினார். அதன் பயனாகவே 1890-ஆம் ஆண்டில் ஆலை முதலாளிகள் வாரத்துக்கு ஒரு நாள் விடுமுறை தர இசைந்தனர். மறு ஆண்டு இயற்றப்பட்ட தொழிற்சாலைச் சட்டமும் வார விடுமுறையை உறுதி செய்தது. அமெரிக்க நாட்டில் ஹென்றி போர்டு தம் மோட்டார் தொழிற்சாலைகளில் 1926-ஆம் ஆண்டில் வாரம் ஐந்து நாள் வேலை என்னும் முறையைக் கைக்கொண்டார். இன்று நாம் சனி ஞாயிறுகளிற் சற்றே தாமதித்துக் கண் விழிக்கின்றோமெனில், அது முன்னோர் பலர் போராடிப் பெற்ற செல்வம் என்பதை மறத்தலாகாது. போராடிப் பெற்ற பொருளைப் போற்றிச் செலவிடுதல் அன்றோ முறை?

காலைப் பொழுதுக்கும் இசைக்கும் உள்ள உறவு மிகத் தொன்மையானது. தொல்காப்பியர் மருதத்திணைக்கு விடியற்காலத்தைச் சிறுபொழுதாக வகுத்தார். தேவாரப் பண்களைப் பகற்பண், இராப்பண், பொதுப்பண் என மூன்றாகப் பகுத்த நம் முன்னோர், பகற்பண்களுள் முதலாவதாகப் புறநீர்மையை வைத்தனர். பிற்காலத்தார் பூபாளம் என்பதும் அதனையே. பெளளி, மலயமாருதம் முதலிய இராகங்களும் காலைக்கு உரியனவாகக் கருதப்படுகின்றன. வடநாட்டாரும் பைரவ் வகை இராகங்களைக் காலைக்கென ஒதுக்கி, இன்றும் அம்முறையைப் பெரிதும் காக்கின்றனர். எனினும், அக்காலத்தில் விடியலில் இசை கேட்க விரும்பியவன் கோயில் வாயிலுக்குச் சென்று நாகசுரம் கேட்டான். அன்றேல், பாடவல்லார் தன் வீட்டில் இருக்கும் பேறு பெற்றிருந்தான். ஏனையோர்க்கு அவ்வின்பம் எட்டாக் கனியே.

1877-ஆம் ஆண்டில் எடிசன் ஒலியைப் பதிந்து வைக்கும் பொறியை அமைத்தார். பத்தாண்டுகளுக்குப் பின் எமில் பெர்லினர் உருளைக்கு மாறாகத் தட்டையான வட்டில் ஒலியைப் பதியும் முறையைக் கண்டார். கிராமபோன் என்னும் பெயர் அவர் இட்டதே. 1902-ஆம் ஆண்டில் கிராமபோன் கம்பெனியின் சார்பாகப் பிரெடு கெய்ஸ்பர்க் என்பவர் கல்கத்தாவுக்கு வந்து, கெளஹர் ஜான் என்னும் புகழ்பெற்ற பாடகியின் குரலைப் பதிவு செய்தார். அவ்வம்மை பாட்டின் முடிவில் தம் பெயரை ஆங்கிலத்தில் உரத்துக் கூறியதை இன்றும் அத்தட்டுகளிற் கேட்கலாம்.

அக்காலத்துத் தட்டுகள் அரக்குக் கலவையாலானவை. நிமிடத்துக்கு ஏறக்குறைய 78 முறை சுழன்றன. பத்தங்குலத் தட்டின் ஒரு பக்கம் சுமார் மூன்று நிமிடத்தில் முடிந்துவிடும். ஆலாபனையும், கிருதியும், கற்பனை ஸ்வரமும் கொண்டு ஒரு மணி நேரம் விரியத்தக்க இராகத்தை மூன்று நிமிடச் சிமிழில் அடைக்க வேண்டியிருந்தது. வித்துவான்கள் அதனையும் ஒரு கலையாகவே பயின்று, சாறு பிழிந்து தந்தனர் என்பது உண்மை. ஆனால், கேட்போன் நிலை யாது? சாய்வு நாற்காலியில் அமர்ந்து கண்ணை மூடுமுன் பாட்டு முடிந்துவிடும். எழுந்து, தட்டைப் புரட்டி, ஊசியை மாற்றி, விசையையும் முடுக்க வேண்டும். அஃது இன்பமே, ஆயினும் இளைப்பாறுதல் அன்று.

நீண்ட இசையைப் பல தட்டுகளிற் பிரித்துப் பதிந்து, அவற்றை ஒரே உறையில் வைத்து விற்கும் வழக்கம் பின்னர் எழுந்தது. ஜெர்மனியில் ஓடியன் கம்பெனியார் 1909-ஆம் ஆண்டில் சைக்கோவ்ஸ்கி இயற்றிய 'நட்கிராக்கர்' இசைத்தொடரை நான்கு தட்டுகளில் வெளியிட்டனர். காகித உறைகளைப் புத்தகம் போலத் தைத்து அவற்றினுள் தட்டுகளைச் செருகியதனால், படங்களை ஒட்டிவைக்கும் ஏட்டின் பெயராகிய 'ஆல்பம்' என்பதே இதற்கும் வழங்கலாயிற்று. அச்சொல்லின் வேர் வெண்மை எனப் பொருள்படும் இலத்தீன் மொழிச் சொல்லாகும். இன்று தட்டும் இல்லை, ஏடும் இல்லை. பெயர் மட்டும் நிலைத்துவிட்டது.

பெருமாற்றம் 1948-ஆம் ஆண்டில் நிகழ்ந்தது. அவ்வாண்டு ஜூன் மாதத்தில் கொலம்பியா கம்பெனியார் நியூயார்க் நகரில் 'லாங்பிளே' என்னும் நெடுநேர இசைத்தட்டைப் பத்திரிகையாளர்க்குக் காட்டினர். ஒருபுறம் ஏறத்தாழ எட்டடி உயரத்துக்குப் பழைய தட்டுகள் அடுக்கப்பட்டிருந்தன. அவற்றிலுள்ள இசை முழுவதையும் தாங்கிய புதிய தட்டுகளோ ஒருவர் கையில் ஏந்தத்தக்க சிறு அடுக்காய் இருந்தன. நுண்ணிய வரிகள், வைனில் என்னும் செயற்கைப் பொருள், நிமிடத்துக்கு 33⅓ சுற்று என்னும் மெதுவான வேகம் ஆகிய மூன்றும் கூடி, பக்கம் ஒன்றுக்குச் சுமார் இருபத்திரண்டு நிமிடம் இசை கேட்கச் செய்தன. அன்றே ஓய்வுக் காலைக்குரிய இசைத்தட்டு பிறந்தது எனல் பொருந்தும். இருபது நிமிடம் ஒருவன் அசையாது அமரலாம். காப்பி ஆறுமுன் மனம் ஆறலாம்.

அத்தகைய தட்டுகளுள் சிலவற்றை எடுத்துக்காட்டாக நோக்குவோம்.

1955-ஆம் ஆண்டில் சரோத் வித்துவான் அலி அக்பர் கான் அமெரிக்காவில் பதிவு செய்த தட்டு, இந்திய இராகத்தை நெடுநேரம் விரித்துரைத்த முதல் தட்டுகளுள் ஒன்று. அதன் பெயரிலேயே காலை இராகமும் மாலை இராகமும் குறிக்கப்பட்டிருந்தன. வயலின் மேதை யெஹுதி மெனுஹின் முன்னுரை பேசினார். பொழுதுக்கு ஏற்ற இசை என்னும் நம் நாட்டுக் கருத்து, தட்டின் வாயிலாக மேல்நாட்டார் இல்லங்களிற் புகுந்தது இங்ஙனமே.

1963-ஆம் ஆண்டில் ஸ்ரீமதி எம். எஸ். சுப்புலட்சுமி அவர்கள் ஸ்ரீ வேங்கடேச சுப்ரபாதத்தைப் பதிவு செய்தார். சுப்ரபாதம், ஸ்தோத்திரம், பிரபத்தி, மங்களாசாசனம் என்னும் நான்கு பகுதிகளும் ஏறத்தாழ இருபது நிமிடத்தில் அடங்கின. அதாவது, நெடுநேரத் தட்டின் ஒரு பக்கத்துக்கு அளவெடுத்தாற்போல் அமைந்தன. துயிலெழுப்பும் பாட்டு எங்ஙனம் இளைப்பாற்றும் என நேயர்கள் வினவலாம். அடுத்து வரும் அடி யாதென உள்ளம் முன்னரே அறிந்திருத்தலின், அது எதனையும் தேடி அலைவதில்லை. பழகிய பாதையிற் கண்ணை மூடி நடப்பது போல நடக்கின்றது. புரியாத புதுமையினும் பழகிய இனிமையே காலைக்கு ஏற்றது என்னும் உண்மையை இத்தட்டு உணர்த்துகின்றது.

1967-ஆம் ஆண்டில் வெளிவந்த 'கால் ஆப் தி வேலி' என்னும் தட்டு மற்றொரு வகையைச் சார்ந்தது. சந்தூரில் சிவகுமார் சர்மாவும், புல்லாங்குழலில் ஹரிபிரசாத் செளராசியாவும், கிதாரில் பிரிஜ் பூஷண் காப்ராவும் சேர்ந்து, காஷ்மீர ஆயன் ஒருவனது ஒரு நாளை இராகங்களால் வரைந்தனர். அஹிர் பைரவில் விடியல் தொடங்குகின்றது. பொழுது செல்லச் செல்ல இராகமும் மாறுகின்றது. சொல் ஒன்றும் இல்லை. சொல் இன்மையாலேயே கேட்போன் தன் நினைவுகளை அதனோடு இழைத்துக்கொள்ள இடமுண்டு.

மேல்நாட்டு இசையில் பாக் இயற்றிய 'கோல்ட்பர்க்' வேற்றுமைத் தொடர் 1741-ஆம் ஆண்டில் அச்சாயிற்று. உறக்கம் வாராத பிரபு ஒருவர்க்காக இயற்றப்பட்டது என்று அவர் வரலாறு எழுதிய போர்க்கெல் கூறியுள்ளார். ஆராய்ச்சியாளர் அக்கதையை ஐயுறுவர். கனடா நாட்டுக் கிளென் கோல்ட் இதனை 1955-ஆம் ஆண்டில் இளைஞராக இருந்தபோது பியானோவில் வாசித்துச் சுமார் 38 நிமிடத்தில் முடித்தார். 1981-ஆம் ஆண்டில் மீண்டும் வாசித்தபோது 51 நிமிடம் ஆயிற்று. இசை ஒன்றே, கையும் ஒருவருடையதே. முன்னது ஓடுகின்றது, பின்னது நின்று நிதானித்து நடக்கின்றது. ஆகவே, இசையின் பெயரைக் கேட்டு மட்டும் தட்டைத் தெரிதல் போதாது. வாசிப்பின் நடையையும் அறிந்து தெரிதல் வேண்டும். மெல்லென விடியும் காலைக்குப் பின்னதே உரியது என்பது எம் கருத்து.

கேளாமற் கேட்கும் இசை ஒன்றும் உண்டு. பிரெஞ்சு நாட்டு எரிக் சாத்தி 1920-ஆம் ஆண்டில் பாரீஸ் நகரில், மேசை நாற்காலி போல அறையில் இருக்கத்தக்க இசையை வாசிப்பித்தார். சபையோர் வழக்கம்போல் வாய்மூடிக் கேட்கலாயினர். அவரோ அங்குமிங்கும் ஓடி, பேசுங்கள், கேளாதீர்கள் என்று வேண்டினாராம். 1975-ஆம் ஆண்டில் ஆங்கிலேயராகிய பிரையன் ஈனோ விபத்துக்குள்ளாகிப் படுக்கையிற் கிடந்தார். ஒரு நாள் நண்பர் கொணர்ந்த யாழ் வகை இசைத்தட்டை அரிதின் முயன்று சுழலவிட்டுப் படுத்தபின், ஒலி மிகத் தாழ்ந்திருப்பதை உணர்ந்தார். எழுந்து திருத்த வலுவில்லை. மழையோசையினூடே அரைகுறையாய்க் கேட்ட அவ்விசை அவருக்குப் புதியதோர் வழியைக் காட்டிற்று. பின்னர் அவர் வெளியிட்ட 'மியூசிக் பார் ஏர்போர்ட்ஸ்' என்னும் தொகுதி அவ்வழியிற் பிறந்ததே. காலையில் ஒலியைத் தாழ்த்தி வைத்தலே பாதி மருந்து என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

இவற்றினின்று நாம் அறியத்தக்கன யாவை? நடை மெதுவாதல் வேண்டும். ஒலி திடீரென உயர்தலும் தாழ்தலும் ஆகாது. சொல் இன்றியேனும், நன்கு பழகிய சொல்லோடேனும் இருத்தல் வேண்டும். எல்லாவற்றினும் முதன்மையாக, அதற்கு ஒரு முடிவு இருத்தல் வேண்டும். இந்நான்கும் பொருந்திய தட்டு எம்மொழியினதாயினும் குறையில்லை.

இறுதியிற் கூறிய முடிவைப் பற்றிச் சிறிது விளக்குதல் தகும். 1963-ஆம் ஆண்டில் கேசட்டும், 1982-ஆம் ஆண்டில் குறுந்தகடும் தோன்றின. இன்றோ கைப்பேசியில் இசை முடிவின்றி ஓடுகின்றது. ஒரு பாட்டு முடிந்ததும் அடுத்ததைப் பொறியே தெரிந்து தருகின்றது. வசதி பெரிதே. ஆயினும், தட்டின் பக்கம் முடிந்தவுடன் எழுந்த அமைதி போயிற்று. இனி யாது கேட்போம் என ஒருவன் தன்னைத் தானே வினவிய அக்கணமும் போயிற்று. வாரம் முழுதும் பிறர் ஏவலிற் கழித்தவன், ஓய்வுக் காலையையும் பொறியின் ஏவலுக்கே விடுவானாயின், அவன் பெற்ற விடுமுறை எங்கே? ஆகலின், முதல் நாள் மாலையிலேயே ஒரே ஒரு தொகுதியைத் தெரிந்து வைத்து, காலையில் அதனைத் தொடக்கமுதல் முடிவுவரை கேட்டு, பின்னர்ச் சிறிது நேரம் ஒலியின்றி இருப்பது நலம்.

இன்னும் ஒன்று கூறி முடிப்போம். வீட்டுத் தலைவர் சாய்வு நாற்காலியில் இசை கேட்டிருக்க, தலைவியார் அடுப்பங்கரையில் இட்டிலிக் கொப்பரையோடு போராடும் காலையை ஓய்வுக் காலை எனல் எங்ஙனம்? ஆலைத் தொழிலாளிக்கு 1890-ஆம் ஆண்டிற் கிட்டிய ஞாயிறு, பல இல்லங்களில் பெண்டிர்க்கு இன்னும் கிட்டியபாடில்லை. எனவே, அன்பர்களே, வரும் ஞாயிறன்று அடுப்பை நீங்கள் ஏற்றுக்கொண்டு, நாற்காலியை அவர்க்கு அளியுங்கள். எந்தத் தட்டு வேண்டும் என்றும் அவரையே கேளுங்கள். அவர் தெரிந்த இசை எதுவாயினும் அதுவே அக்காலைக்கு ஏற்ற இசை என்பதில் ஐயமில்லை.