வெள்ளி படிந்த இடமும் படியாத இடமும்: கோல்ஜி – கஹால் விவாதத்தில் நுண்ணோக்கி தீர்த்தது என்ன?

1906ஆம் ஆண்டுக்கான மருத்துவ நோபல் பரிசு இத்தாலியின் கமில்லோ கோல்ஜிக்கும் ஸ்பெயினின் சாந்தியாகோ ராமோன் இ கஹாலுக்கும் பகிர்ந்து அளிக்கப்பட்டது. நரம்பு மண்டலத்தின் கட்டமைப்பை ஆராய்ந்ததற்கான பரிசு அது. அந்தக் கட்டமைப்பு எப்படிப்பட்டது என்பதில் மட்டும் இருவருக்கும் உடன்பாடு கிடையாது. டிசம்பர் 11 அன்று ஸ்டாக்ஹோமில் பேசிய கோல்ஜி, நரம்பு மண்டலம் தனித்தனிச் செல்களால் ஆனது என்ற நியூரான் கோட்பாட்டை மறுப்பதையே தம் உரையின் பொருளாக எடுத்துக்கொண்டார். மறுநாள் பேசிய கஹால் அதே கோட்பாட்டுக்குச் சான்றுகளை அடுக்கினார். இருவரும் நம்பியிருந்தது ஒரே சாயமுறை. நுண்ணோக்கிகளின் திறனிலும் பெரிய வேறுபாடு இல்லை. நரம்பு இழைகள் ஒன்றோடொன்று இணைந்து தொடர்ச்சியான வலையாகின்றன என்றார் ஒருவர். ஒவ்வொரு நரம்பு செல்லும் தனி அலகு, அவை தொடுமே தவிர ஒன்றாவதில்லை என்றார் மற்றவர்.

இந்த முரணைப் பாடநூல்கள் எளிதாகக் கடந்துவிடுகின்றன. கஹால் உள்ளதை உள்ளபடி கண்டார், கோல்ஜி முன்முடிவோடு பார்த்தார் என்பதே வழக்கமான விளக்கம். அது தவறு என்பது என் வாதம். சர்ச்சைக்குரிய அந்த இடம், அதாவது இரு நரம்பு செல்கள் சந்திக்கும் புள்ளி, இருவரில் எவருடைய நுண்ணோக்கிக்கும் எட்டக்கூடியதாக இருக்கவில்லை. எதைப் பார்ப்பது, எந்த வயதுத் திசுவைப் பார்ப்பது, அதை எப்படிப் பக்குவப்படுத்துவது என்ற முடிவுகளில்தான் வழக்கு திரும்பியது. உருப்பெருக்கம் அங்கே துணைச் சாட்சி மட்டுமே.

மூளைத் திசுவை மெல்லியதாகச் சீவி அப்படியே நுண்ணோக்கியில் வைத்தால் கிட்டத்தட்ட எதுவும் தெரியாது. வழக்கமான சாயங்களை ஏற்றினாலோ எல்லா செல்களும் நிறமேறி, இழைகள் ஒன்றன்மீது ஒன்று விழுந்து குழம்பும். மிலான் அருகே அப்பியாதெகிராஸோ என்ற சிற்றூரில், தீராநோயாளிகளுக்கான மருத்துவமனையில் பணியாற்றிய கோல்ஜி, அங்கிருந்த சமையலறையையே ஆய்வகமாக்கிக்கொண்டு இதற்கு ஒரு வழி கண்டார். பொட்டாசியம் டைகுரோமேட்டில் கெட்டிப்படுத்திய திசுவைப் பின்னர் வெள்ளி நைட்ரேட் கரைசலில் ஊறவைத்தார். வெள்ளி குரோமேட் படிந்து, மஞ்சள் பின்னணியில் சில செல்கள் மட்டும் முழு உருவத்தோடு கன்னங்கரேலென எழுந்து வந்தன. 1873இல் வெளியான இந்த முறைக்குக் ‘கருப்பு வினை’ என்று பெயர். நூறு செல்களில் ஒரு சிலவே இதில் நிறமேறுகின்றன. ஏன் அவை மட்டும் என்பது இன்னும் முழுமையாக விளங்கவில்லை. இந்தக் கஞ்சத்தனமே அதன் பலம். எல்லாவற்றையும் காட்டியிருந்தால் எதுவுமே தெரிந்திருக்காது.

அதே 1873இல் ஜெர்மனியில் எர்ன்ஸ்ட் அபே ஒளி நுண்ணோக்கியின் எல்லையைக் கோட்பாட்டளவில் வரையறுத்தார். ஒளியின் அலைநீளம் காரணமாக, ஏறத்தாழ 200 நானோமீட்டருக்கும் நெருக்கமாக உள்ள இரு புள்ளிகளைப் பிரித்துக் காண முடியாது. லென்ஸை எவ்வளவு நுட்பமாகக் கடைந்தாலும் இந்த எல்லை நகராது. இரு நரம்பு செல்கள் சந்திக்கும் வேதி சினாப்சில் அவற்றுக்கு நடுவே உள்ள இடைவெளி சுமார் 20 நானோமீட்டர். அந்த எல்லையில் பத்தில் ஒரு பங்கு. இருவருடைய சண்டையும் இந்த இடைவெளியைப் பற்றியதுதான். ஆகவே ‘கஹால் இடைவெளியைக் கண்டார்’ என்று எழுதுவோர், இயற்பியல் அனுமதிக்காத ஒன்றை அவர் கணக்கில் எழுதுகிறார்கள்.

அப்படியானால் கோல்ஜி கண்டது என்ன? 1870களின் தொடக்கத்தில் ஜெர்மானிய உடற்கூற்றியலாளர் யோசப் வான் கெர்லாக், நரம்பு செல்லின் குட்டையான கிளைகளான டென்ட்ரைட்டுகள் ஒன்றோடொன்று பின்னி வலையாகின்றன என்று கூறியிருந்தார். அதைத் தம் கருப்பு வினையால் உடைத்தவர் கோல்ஜிதான் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். டென்ட்ரைட்டுகள் எங்கும் இணையாமல் முடிவதைக் கண்டு, அதை ஒளிக்காமல் எழுதினார். அவற்றுக்குச் செல்லை ஊட்டும் வேலையை ஒதுக்கினார். முன்முடிவுக்கு அடிமையானவர் செய்யும் காரியமா இது? சிக்கல், செல்லிலிருந்து புறப்படும் நீண்ட இழைகளான ஆக்ஸான்களில் இருந்தது. அவர் மிகுதியும் ஆராய்ந்தது வளர்ந்த விலங்குகளின் மூளையை. அதில் ஆக்ஸான்களைக் கொழுப்பு மிகுந்த மையலின் உறை சுற்றியிருக்கும். வெள்ளி அதனுள் எளிதில் புகாது. கிளைகள் பிரியத் தொடங்கும் இடம்வரை கருப்பாகத் தெரிந்து, பிறகு குழம்பலிலும் வெறுமையிலும் மறைந்தன. அந்த மறைவிடத்தை அவர் வலையைக் கொண்டு நிரப்பினார். மூளை முழுமையாக ஒருங்கே இயங்குகிறது என்ற அவருடைய கருத்துக்கும் அது பொருந்தியது.

கஹால் கருப்பு வினையை முதன்முதலில் பார்த்தது 1887இல், மாட்ரிட்டில் மருத்துவர் லூயிஸ் சிமார்ரோவின் ஸ்லைடுகளில். முறை வெளியாகிப் பதினான்கு ஆண்டுகள் கழித்து! அவர் முறையில் இரண்டு மாற்றங்கள் செய்தார். ஊறவைப்பதை இரண்டு மூன்று முறை திரும்பச் செய்தார். இது கைப்பழக்கம் சார்ந்த திருத்தம். மற்றது சிந்தனை சார்ந்தது. மையலின் உறை தோன்றாத கருநிலைத் திசுக்களையும் புதிதாகப் பிறந்த குஞ்சுகளின் திசுக்களையும் தேர்ந்தெடுத்தார். அடர்ந்த காட்டுக்குள் நுழைய முடியாவிட்டால் இளங்கன்றுகள் நிற்கும் நாற்றங்காலைப் பார்க்கலாமே என்று, தன்வரலாற்றில் இதற்கு அவரே காரணம் சொல்கிறார். கோல்ஜி தம் வலையைப் பொருத்திய வெறுமையே இந்த ஸ்லைடுகளில் இல்லை. 1888இல் தம் செலவிலேயே தொடங்கிய இதழில் பறவைகளின் சிறுமூளை பற்றி எழுதினார். கூடைச் செல்கள் என்ற வகை நரம்பு செல்களின் ஆக்ஸான் கிளைகள், பர்கின்ஜி செல்கள் எனப்படும் பெரிய நரம்பு செல்களின் உடலைச் சுற்றி வளைத்து, அங்கேயே முடிந்தன. 1889இல் பெர்லினில் ஜெர்மானிய உடற்கூற்றியல் சங்கத்தின் கூட்டத்துக்கு ஸ்லைடுகளோடு போய், திசுவியலாளர் ஆல்பர்ட் வான் கோலிக்கரை அழைத்துவந்து காட்டினார். கோலிக்கர் ஏற்றார். 1891இல் ஜெர்மானிய உடற்கூற்றியலாளர் வால்டேயர் நரம்பு செல்லுக்கு ‘நியூரான்’ என்ற பெயரைச் சூட்டினார்.

இங்கே ஒரு நேர்மையான மறுப்பை எழுப்பலாம். கருப்பு நிற்கும் இடத்தில் இழையும் நின்றுவிட்டது என்பதற்கு என்ன உறுதி? வெள்ளிதான் நின்றதோ என்னவோ. இந்தக் கேள்விக்கு எந்த உருப்பெருக்கமும் விடை தராது. கஹாலின் வலிமை, விழித்திரை, தண்டுவடம், சிறுமூளை என உறுப்புக்கு உறுப்பு, விலங்குக்கு விலங்கு அதே வகை முடிவுகள் திரும்பத் திரும்பத் தெரிந்ததில் இருக்கிறது. நுண்ணோக்கியை மட்டும் சாராத ஆதாரங்களும் ஏற்கெனவே இருந்தன. நரம்பிழைகள் ஒற்றைச் செல்லிலிருந்து முளைத்து வளர்வதை 1886இல் வில்ஹெல்ம் ஹிஸ் கருவியலிலிருந்து காட்டினார். காயப்பட்ட செல்லோடு சிதைவு நின்றுவிடுகிறது, அடுத்ததற்குப் பரவுவதில்லை என்று 1887இல் ஆகஸ்ட் ஃபோரல் வாதிட்டார். பின்னாளில் துருவப் பயணத்தால் புகழ்பெற்ற நான்சென்கூட, கோல்ஜியின் முறையையே கையாண்டு, அதே ஆண்டில் இழைகளின் இணைப்பை ஐயுற்றார் என்பது சுவையான செய்தி.

டென்ட்ரைட் முட்கள் பற்றிய வழக்கு இதை இன்னும் தெளிவாக்கும். டென்ட்ரைட்டுகளின்மேல் நுண்ணிய முட்கள் இருப்பதாகக் கஹால் 1888இல் எழுதியபோது, அவை வெள்ளிப் படிவின் பிசிறுகள் என்று பலர் ஒதுக்கினர், கோல்ஜியும் ஏற்கவில்லை. இன்னும் பெரிதாக்கிப் பார்ப்பதால் பயனில்லை. பிசிறும் கூடவே பெரிதாகும். கஹால் 1896இல், வெள்ளியோடு வேதியியல் உறவே இல்லாத மெத்திலீன் நீலச் சாயத்தில் அதே முட்களைக் காட்டினார். வேறுவேறு அடிப்படையில் இயங்கும் இரண்டு முறைகள் ஒரே அமைப்பைக் காட்டினால் அது கருவியின் பிழையாக இருப்பது அரிது என்று தத்துவவாதி இயான் ஹேக்கிங் 1981இல் முன்வைத்த வாதத்துக்கு இதைவிடப் பொருத்தமான சான்று கிடைப்பது கடினம். ஆனால் ஹேக்கிங்கின் அளவுகோல் முட்களுக்குப் பொருந்துகிறது, இடைவெளிக்குப் பொருந்தவில்லை. ஒரு முறையாலும் காண முடியாததை இரண்டாம் முறையால் உறுதிசெய்வது எப்படி? அங்கே கஹாலிடம் இருந்தது நல்ல அனுமானம்.

கோல்ஜி 1926இலும் கஹால் 1934இலும் இறந்தனர். 1954–55இல் எலக்ட்ரான் நுண்ணோக்கி சினாப்ஸ் இடைவெளியைப் படமாக்கியது. அதே காலத்தில் அதே கருவி கோல்ஜிக்கும் ஒரு கடனைத் தீர்த்தது. 1898இல் ஆந்தையின் பர்கின்ஜி செல்களுக்குள் அவர் கண்ட நுண்வலையை, நம் பாடநூல்கள் ‘கோல்கை உறுப்பு’ என்று சொல்வதை, சாயத்தின் பிசிறு என்று பல பத்தாண்டுகள் பலர் ஐயுற்றிருந்தனர். அது உண்மை என்று உறுதியானது. ஒரே மனிதர், ஒரே வகை வெள்ளிச் சாயம். செல்லுக்குள் அவர் கண்ட வலை நிலைத்தது, செல்களுக்கிடையே அவர் கருதிய வலை நிலைக்கவில்லை. அவருடைய பார்வையில் குறை இருந்ததாகச் சொல்பவர்கள் இந்த வேறுபாட்டை விளக்க முடியாது.

2023இல் சீப்புச் சொறி எனப்படும் கடல்வாழ் உயிரி ஒன்றின் நரம்பு வலையைப் படிப்படியான எலக்ட்ரான் நுண்ணோக்கிச் சீவல்களிலிருந்து முப்பரிமாணத்தில் கட்டியெழுப்பியபோது, அதன் தோலடி நரம்பு செல்கள் ஒரே சவ்வுக்குள் தொடர்ச்சியாக இணைந்திருப்பது தெரிந்தது. கோல்ஜி சொன்ன மாதிரியான வலை இயற்கையில் எங்கோ இருக்கத்தான் செய்கிறது. இதைக் காட்டி அவருக்கு மறுவாழ்வு தர முயல்வது பொருந்தாது. அவர் பேசியது பாலூட்டிகளின் மூளையைப் பற்றி. அங்கே வலைக்குச் சான்றாக அவர் முன்வைத்தது வெள்ளி படியாத இடத்தை. 2023இன் ஆய்வாளர்களோ சவ்வு தொடர்வதைச் சீவலுக்குச் சீவல் பின்தொடர்ந்து காட்டினார்கள்.