ஜெனீவா வாசல் பிறந்த கதை

புதுக்கடை நீதிமன்றங்களுக்கு மேலேயும் ஒரு வாசல் இருக்கும் என்ற நம்பிக்கை கொழும்புத் தமிழருக்குப் பழையது. சிங்களப் பரீட்சை எழுதாததால் சம்பள உயர்வு நிறுத்தப்பட்ட எழுதுவினைஞர் கோடீஸ்வரனின் வழக்கு 1969இல் லண்டன் கோமறைக் கழகம் வரை போனது. அரச ஊழியர் சம்பளத்துக்காக வழக்காடலாம் என்றார்கள் அங்குள்ள நீதிபதிகள். சிங்களத்தை மட்டும் அரசகரும மொழியாக்கிய சட்டம் செல்லுமா என்ற கேள்வியை மட்டும் இங்கேயே திருப்பி அனுப்பினார்கள். அதற்குப் பதில் வரவேயில்லை. 1971இல் லண்டன் வாசலும் மூடப்பட்டது.

அடுத்த வாசல் திறந்தது 1997 ஒக்டோபர் 3ஆம் திகதி. குடியியல், அரசியல் உரிமைகள் சமவாயத்தின் விருப்ப நெறிமுறையில் இலங்கை அன்று இணைந்தது. உள்நாட்டு நீதிமன்றங்களில் எல்லா வழியும் முடிந்தவர் இனி ஜெனீவாவில் உள்ள மனித உரிமைகள் குழுவிடம் முறையிடலாம். 18 நிபுணர்கள் கொண்ட குழு அது. பொலிசும் சிறையும் அதன் கையில் இல்லை. அது சொல்வதற்குத் தீர்ப்பு என்ற பெயர்கூட இல்லை, ‘கருத்து’ என்றுதான் பெயர். ஆனால் வழக்குத் தவணைக்கு மட்டக்களப்பிலிருந்து வந்து கொட்டாஞ்சேனை லொட்ஜில் இரவைக் கழித்த தாய்மாருக்கு அதுவே பெரிது.

அந்த வாசலைத் தட்டியவர்களில் ஒருவர் சிங்கராசா. மட்டக்களப்பில் 1993இல் கைதான அவருக்குத் தமிழ் மட்டுமே தெரியும். அவரது ஒப்புதல் வாக்குமூலம் சிங்களத்தில் இருந்தது. மொழிபெயர்த்தவர் ஒரு பொலிஸ்காரர். அந்தத் தாளை மட்டும் வைத்து 1995இல் கொழும்பு மேல் நீதிமன்றம் 50 ஆண்டு விதித்தது. மேன்முறையீட்டில் அது 35 ஆனது. வாக்குமூலம் வற்புறுத்தி வாங்கப்பட்டதென்று நிரூபிக்கும் சுமையைப் பயங்கரவாதத் தடைச் சட்டம் அவர் தலையிலேயே வைத்திருந்தது. அப்படி வைத்தது நியாயமான விசாரணைக்கு முரண், விடுதலையோ மறுவிசாரணையோ, அதோடு இழப்பீடும் உள்ளிட்ட பரிகாரம் வேண்டும் என்று 2004இல் குழு சொன்னது.

அந்தக் கருத்தோடு சிங்கராசா இலங்கை உயர் நீதிமன்றத்துக்கு வந்தார். 2006 செப்டெம்பர் 15இல் பிரதம நீதியரசர் சரத் என். சில்வா தலைமையிலான ஆயம் மனுவைத் தள்ளியது. பாராளுமன்றச் சட்டம் இல்லாமல் ஜனாதிபதி இந்த நெறிமுறையில் இணைந்ததே அரசியலமைப்புக்கு முரண் என்றது. எனக்கு அது இன்றும் ஏற்க முடியாத தீர்ப்பு. நாடு உலகத்துக்குக் கொடுத்த வாக்கை, சிறையில் கிடந்த ஒருவரின் முகத்துக்கு எதிரே செல்லாதென்று சொன்னது அது. லண்டன் சொன்னது இங்கே நடந்ததென்றால், உள்நாட்டுச் சட்டம் அதற்குக் கைகொடுத்ததால் நடந்தது. ஜெனீவாவுக்கு அந்தக் கை கிடைக்கவில்லை.

ஆனாலும் இலங்கை அந்த நெறிமுறையிலிருந்து விலகவில்லை. இங்குள்ள சட்டத்தரணிகள் முறைப்பாடு எழுதுவதையும் விடவில்லை. குழு அவற்றைப் பதிகிறது, அரசிடம் விளக்கம் கேட்கிறது, கருத்தை அனுப்பிய பிறகு என்ன செய்தீர்கள் என்று மறுபடியும் கேட்கிறது.