வைடூரியத்தின் ஒளிக்கோடு

திருக்கோயில்களில் மூலமூர்த்தியைப் பீடத்தில் எழுந்தருளச் செய்யுமுன், அதன் கீழ் நவமணிகளை இடுதல் ஆகம மரபு. அம்மணிகள் ஒன்பதனுள் புஷ்பராகம், கோமேதகம், வைடூரியம் ஆகிய மூன்றும் மஞ்சள் சார்ந்தவை. புஷ்பராகம் பொன்னிறம், கோமேதகம் தேனிறம், வைடூரியமோ மஞ்சளில் சிறிது பசுமை கலந்து, நடுவே வெண்ணிற ஒளிக்கோடு ஒன்று ஓடப் பெற்றது. ஆதலின் அதனைப் பூனைக்கண் என்றும் வழங்குவர். இலங்கையின் இரத்தினபுரியும் கேரளத்தின் தென்பகுதியும் இக்கல் கிடைக்கும் இடங்களாம்.

மணிகளுக்குப் பல பட்டைகள் தீட்டி மின்னச் செய்யும் முறை பிற்காலத்தே மேலோங்கியது. பண்டைக் கம்மியர் கல்லின் அடியைத் தட்டையாக்கி, மேற்புறத்தைக் குமிழ்போல் குவித்துத் தேய்த்து மெருகிட்டனர். பிரெஞ்சு மொழியில் இதனைக் 'கபோஷான்' என்பர். கல்லின் எடை மிகுதியும் வீணாகாமை இம்முறையின் பயன். புஷ்பராகத்தை எம்முறையிலும் தேய்க்கலாம். வைடூரியத்திற்கோ குவித்துத் தேய்த்தலன்றி வேறு வழியில்லை.

அதன் காரணம் கல்லினுள்ளே இருக்கிறது. மயிரிழையினும் நுண்ணிய ஊசிகளும் குழல்களும் அதனுள் ஒரே திசையில் நெருங்கிக் கிடக்கின்றன. வேறு மணியாயின் இவற்றைக் குற்றம் என்று ஒதுக்குவர். வைடூரியத்திலோ இவையே ஒளியைத் திரட்டி, தமக்குக் குறுக்கே ஒரு கோடாகக் காட்டுகின்றன. கம்மியன் ஊசிகளின் போக்கைக் கண்டறிந்து, அவை அடித்தளத்திற்கு இணையாகவும் கல்லின் நீளத்திற்குக் குறுக்காகவும் அமையுமாறு தேய்த்தல் வேண்டும். திசை தவறினால் கோடு ஒருபுறம் ஒதுங்கும். பட்டை தீட்டினால் மறைந்தே போகும். ஒற்றை விளக்கின் முன் இக்கோடு மிகத் தெளிவாகத் தோன்றி, விளக்கு அசைய அதுவும் அசையும். தீபாராதனை வேளையில் இறைவனது திருமேனியில் இம்மணி பெறும் அழகு இதனாலாயது.

குறையை மறையாது ஏற்கும் இம்மனப்பான்மையைத் தஞ்சைப் பெரிய கோயிற் கல்வெட்டுகளிலும் காணலாம். முதலாம் இராசராசன் தனது 25-ஆம் ஆட்சியாண்டில், அதாவது கி.பி. 1010-இல், விமானத்தின் உச்சிக்குப் பொற்கலசம் ஈந்தான். அவனும் தமக்கையார் குந்தவைப் பிராட்டியாரும் அளித்த அணிகலன்கள் அங்கே கல்லில் பொறிக்கப்பட்டுள்ளன. பொன்னை 'ஆடவல்லான்' என்னும் கல்லாலும், மணிகளைத் 'தக்ஷிணமேருவிடங்கன்' என்னும் காசுக்கல்லாலும் நிறுத்தனர். முத்தும் வைரமும் மாணிக்கமும் இத்தனை என எண்ணியதோடு அமையாது, புள்ளியும் வெடிப்பும் உடையன இவை என்றும் எழுதிவைத்தனர். இறைவன் பொருளில் குறையும் கணக்கில் ஏறவேண்டும் என்பது அவர்கள் கொள்கை.

திருப்பணிக் காலத்தில் பழைய அணிகளைப் புதுக்குவோர் இதனை நினைவிற் கொள்ளுதல் நலம். மங்கிய மணி என்று எண்ணிப் பட்டை தீட்டக் கொடுத்த வைடூரியம், இழந்த கோட்டை எளிதில் மீளப் பெறாது. புதிய கல்லை மாற்றிப் பதித்தால், முன்னொரு நாள் அடியார் ஒருவர் உவந்தளித்த கொடையே மறைந்துபோம். எடையும் எண்ணிக்கையும் குறையும் எழுதி, மணியை உள்ளவாறே துடைத்துக் காத்தல் போதும். புதிய அணி செய்யும் அன்பர்க்கும் அளித்துச் சென்ற முன்னோர்க்கும் இறைவன் திருவருள் ஒருங்கே வாய்ப்பதாகுக.