எங்கள் கார் எந்த வகுப்பு? ஓட்டோகுரொஸ் பழகும் பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும்

"ஞாயிற்றுக்கிழமை ரேஸுக்குப் போகிறேன்" என்று பிள்ளை வந்து சொன்னால் நம் வீடுகளில் யாருக்கும் சோறு இறங்காது. எங்கள் வீட்டிலும் அப்படித்தான் நடந்தது. இரவில் நெடுஞ்சாலையில் பந்தயம் ஓடிப் பொலிஸில் அகப்பட்ட பிள்ளைகளின் கதைகள்தான் எங்கள் நினைவுக்கு வந்தன. மகன் சொன்னது அதுவல்ல என்று விளங்க எங்களுக்கு ஒரு முழுப் பருவம் பிடித்தது. அதற்குள் பகுதிநேர வேலையில் அவன் சேமித்த காசு தேவையில்லாத உதிரிப்பாகங்களில் போய்விட்டது. கார்களை எப்படி வகுப்புப் பிரிக்கிறார்கள் என்று முதலே வாசித்திருந்தால் அந்தக் காசு மிஞ்சியிருக்கும். மற்றக் குடும்பங்களுக்கு உதவட்டும் என்று நாங்கள் அறிந்ததை இங்கே தருகிறோம்.

ஓட்டோகுரொஸ் என்றால் என்ன?

பெரிய வாகனத் தரிப்பிடத்திலோ பழைய விமான ஓடுபாதையிலோ செம்மஞ்சள் கூம்புகளை வைத்து வளைவும் நெளிவுமாக ஒரு பாதை அமைப்பார்கள். கார்களை இடைவெளி விட்டு ஒவ்வொன்றாக அனுப்புவார்கள். ஒரு காரை இன்னொரு கார் முந்துவது கிடையாது. எத்தனை விநாடியில் ஓடி முடித்தீர்கள் என்பதே கணக்கு. ஓர் ஓட்டம் பெரும்பாலும் ஒரு நிமிட அளவில் முடிந்துவிடும். கூம்பு ஒன்றைத் தட்டினால் 2 விநாடி கூட்டுவார்கள். பாதையைத் தவறவிட்டால் அந்த ஓட்டம் கணக்கில் வராது. வேகம் பொதுவாக நெடுஞ்சாலை வேகத்தைத் தாண்டுவதில்லை.

அமெரிக்காவில் இந்தப் போட்டிகளுக்கு 1944இல் தொடங்கிய எஸ்.சி.சி.ஏ. என்ற ஸ்போர்ட்ஸ் கார் கழகத்தின் 'சோலோ' விதிநூலையே பலரும் பின்பற்றுகிறார்கள். கனடாவில் இதே விளையாட்டை ஓட்டோஸ்லாலம் என்பார்கள். பிரித்தானியாவில் ஓட்டோசோலோ என்று இதற்கு நெருங்கிய ஒன்று உண்டு. அங்கே விதிகள் வேறு. நாங்கள் இங்கே எழுதுவது அமெரிக்க முறையைப் பற்றி.

வகுப்பு எதற்கு?

பழைய சிவிக் காரையும் புதிய போர்ஷ் காரையும் ஒரே பட்டியலில் போட்டால் யார் வெல்வார் என்று ஓடிப் பார்க்கத் தேவையில்லை. ஆகவே இரண்டு கேள்விகளால் கார்களைப் பிரிக்கிறார்கள். முதலாவது, கார் தொழிற்சாலையில் இருந்து வந்தபோது எவ்வளவு திறன் கொண்டது? இரண்டாவது, அதற்குப் பிறகு நீங்கள் எதை மாற்றினீர்கள்?

இரண்டாவது கேள்வியின் பதில் உங்கள் தொகுதியைத் தீர்மானிக்கும். முக்கியமான தொகுதிகள் இவை:

ஸ்ட்ரீட்: ஏறத்தாழ வாங்கியபடியே உள்ள கார்.
ஸ்ட்ரீட் டூரிங்: வீதியில் ஓடும் காருக்குப் பலரும் செய்யும் மாற்றங்கள். காரைத் தாழ்த்தும் ஸ்பிரிங், அகலமான சில்லு, எஞ்சின் கணினியில் திருத்தம் போன்றவை.
ஸ்ட்ரீட் பிரிப்பெயார்ட்: இன்னும் ஒரு படி மேலே. பந்தய ரயருக்கும் இடமுண்டு.
பிரிப்பெயார்ட், மொடிஃபைட்: பெரும்பாலும் பந்தயத்துக்கென்றே ஆக்கிய கார்கள். இழுவை வண்டியில் ஏற்றி வருவார்கள்.

முதலாவது கேள்வியின் பதில் தொகுதிக்குள் உங்கள் வகுப்பைத் தரும். ஸ்ட்ரீட் தொகுதியில் சுப்பர் ஸ்ட்ரீட் உச்சியில் இருக்கிறது. அதன் கீழே ஏ ஸ்ட்ரீட்டில் இருந்து எச் ஸ்ட்ரீட் வரை பெரும்பாலும் எழுத்து வரிசையில் இறங்கும். போர்ஷ் 911 ஜி.டி.3 போன்றவை உச்சியில் ஓடும். 1990களின் மஸ்டா மியாட்டா ஈ ஸ்ட்ரீட்டில் ஓடும். சாதாரண சிவிக் அடியில் உள்ள எச் ஸ்ட்ரீட்டில் ஓடும். ஒரே பெயருள்ள காரும் ஆண்டையும் ரகத்தையும் பொறுத்து வேறு வகுப்பில் இருக்கலாம். ஆகவே விதிநூலின் பின்னிணைப்பில் உங்கள் காரின் ஆண்டையும் ரகத்தையும் தேடிப் பாருங்கள். பட்டியல் ஆண்டுதோறும் மாறும். போன வருடத்து நூலை நம்ப வேண்டாம்.

உயரமான வான்களும் எஸ்.யு.வி.களும் கவிழும் அபாயம் உள்ளவை என்பதால் பொதுவாகச் சேர்க்க மாட்டார்கள். நம்மவர் பலரின் வீட்டில் நிற்கும் சியன்னா வான் இதற்குச் சரிவராது.

ஸ்ட்ரீட் தொகுதியில் எதை மாற்றலாம்?

வரிச் சட்டத்தில் தடுக்காததைச் செய்யலாம் என்று வாதாடிப் பழகியவர்கள் நாங்கள். இந்த விதிநூல் அதற்கு நேர்மாறு. அனுமதி என்று எழுதாதது எல்லாம் தடை.

அனுமதி உள்ளவற்றில் முக்கியமானவை: தேய்மான எண் 200 அல்லது அதற்கு மேற்பட்ட ரயர் (எண் ரயரின் பக்கச்சுவரில் இருக்கும்), பிரேக் பட்டைகள், காற்று வடிகட்டி, ஷொக் அப்சோபர், முன்பக்கம் அல்லது பின்பக்கம் ஒரு சாய்வுத் தடுப்புக் கம்பி, கட்டலிற்றிக் கொன்வேர்ட்டருக்குப் பின்னால் உள்ள புகைக்குழாய். ரிம்மின் விட்டம் ஓர் அங்குலம் கூடலாம் அல்லது குறையலாம். அகலம் மாறக்கூடாது. ஸ்பிரிங்கைத் தொடக்கூடாது. எஞ்சின் கணினியையும் தொடக்கூடாது.

எங்கள் மகன் என்ன செய்தான்? முதல் போட்டிக்கு முன்பே சிவிக்கைத் தாழ்த்தும் ஸ்பிரிங்கும் ஒன்றரை அங்குலம் கூடிய அகல ரிம்மும் பூட்டினான். பார்க்க வடிவாகத்தான் இருந்தது. இரண்டில் ஒன்றே போதும், ஸ்ட்ரீட் தொகுதியில் இருந்து வெளியே போக. ஸ்ட்ரீட் டூரிங்கில் நின்றவர்களோ அனுமதித்த எல்லாவற்றையும் செய்து முடித்தவர்கள். இவனிடம் இருந்தவை இரண்டு மாற்றங்களும் கடினமான பழைய ரயரும். பருவம் முழுதும் கடைசியில் வந்தான். வருமானம் கூடாமலே மேல் வரிப்படிக்கு ஏறிய கதை அது. மாற்றினால் அந்த வகுப்பு இடம்கொடுக்கும் எல்லை வரை மாற்றுங்கள். முடியாவிட்டால் ஒன்றையும் மாற்றாதீர்கள். நடுவில் நிற்பதுதான் நட்டம்.

சுட்டெண் என்ன செய்கிறது?

வேறு வேறு வகுப்பினரை ஒப்பிட 'பக்ஸ்' என்ற சுட்டெண் உண்டு. ஒவ்வொரு வகுப்புக்கும் ஓர் எண் தருவார்கள். வேகம் குறைந்த வகுப்புக்குச் சிறிய எண். ஓடிய நேரத்தை அதனால் பெருக்க வேண்டும். ஒரு வகுப்பின் எண் 0.80, இன்னொன்றின் எண் 0.84 என்று வைத்துக்கொள்வோம். முதல் காரர் 60 விநாடியில் ஓடினால் 48.00. இரண்டாவது காரர் 58 விநாடியில் ஓடினால் 48.72. மெதுவான கார் வென்றுவிட்டது. வெளிநாட்டுக் காசுகளை ஒரே நாணயத்துக்கு மாற்றிப் பார்ப்பது போலத்தான்.

பல கழகங்களில் புதியவர்களுக்குத் தனி வகுப்பு உண்டு. அங்கே எல்லாக் கார்களையும் இந்தச் சுட்டெண்ணால் ஒப்பிடுவார்கள். முதல் வருடம் அதில் பதிவதே நல்லது.

முதல் நாளுக்கு முன்

காரை மாற்றாமல் போங்கள். தளர்ந்த பொருட்களையும் தரைவிரிப்பையும் வெளியே எடுத்து வையுங்கள். பற்றரி இறுக்கமாக நிற்கிறதா, சில்லு நட்டுகள் இறுகியிருக்கின்றனவா என்று பரிசோதகர் பார்ப்பார். பல கழகங்கள் தலைக்கவசம் இரவல் தரும். சாரதி அனுமதிப்பத்திரம் கட்டாயம். ஓடாத வேளையில் விழுந்த கூம்புகளை நிமிர்த்தும் வேலையும் உங்களுடையது.

பொறுப்பு விலக்குப் படிவம் ஒன்றில் கையொப்பம் கேட்பார்கள். பிள்ளை 18 வயதுக்குக் குறைந்தவர் என்றால் பெற்றோரும் ஒப்பமிட வேண்டும். வாசிக்காத படிவத்தில் ஒப்பமிடுவதன் விலை நம்மவருக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. காப்புறுதிப் பத்திரத்தையும் எடுத்துப் பாருங்கள். நேரம் கணிக்கும் போட்டியில் நடந்த சேதத்துக்குப் பல பத்திரங்கள் காசு தருவதில்லை.

கையில் காசு இருந்தால் முதலில் கூடுதல் போட்டிக் கட்டணத்துக்குச் செலவிடுங்கள். அனுபவசாலி ஒருவரைப் பக்கத்தில் இருத்தி ஓடுங்கள். அடுத்த செலவு நல்ல ரயர். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

கழற்றிய பழைய பாகங்களை எறிய வேண்டாம். எங்கள் வீட்டில் எதையும் எறிகிற பழக்கம் இல்லாததால் சிவிக்கின் பழைய ஸ்பிரிங்கும் ரிம்மும் நிலவறையில் கிடந்தன. அடுத்த வசந்தத்தில் மகன் அவற்றைத் திரும்பப் பூட்டி, எச் ஸ்ட்ரீட் எழுத்துகளை நீல ஒட்டுநாடாவால் கதவில் ஒட்டினான். அன்று நாங்களும் போனோம். அறுபது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மா இவனைவிடப் பழைய காரில் இரண்டு விநாடி முந்தி முடித்தார். பிறகு இவனுடைய காரில் ஏறிப் பக்கத்தில் இருந்து, எங்கே பிரேக்கை விட வேண்டும் என்று காட்டிக்கொடுத்தார். கடைசி ஓட்டத்தில் அந்த இரண்டு விநாடியில் பாதியை இவன் குறைத்துவிட்டான். அதற்கு ஒரு சதமும் செலவாகவில்லை.