பார்த்து எழுதியவர்கள் காப்பாற்றிய கதைகள்



ஒரு கதை எழுநூறு, எண்ணூறு ஆண்டுகள் பிழைத்திருக்க யார் வேண்டும்? அரசரா, அறிஞரா, அச்சகமா? கொஞ்ச நாளாக ஐஸ்லாந்தின் பழங்கதைகளைப் பற்றிப் படித்து வருகிறேன். அந்தச் சின்ன நாடு சொல்லும் விடை வேறாக இருக்கிறது.

13ஆம் நூற்றாண்டில் நார்வேயை ஆண்ட மன்னர் ஹாக்கோன், பிரெஞ்சு மொழியிலிருந்த காதல் கதைகளையும் வீரக் கதைகளையும் தம் மொழிக்குக் கொண்டுவரச் செய்தார். 1226இல் ராபர்ட் என்ற துறவி டிரிஸ்டன், இசோல்ட் காதல் கதையை மொழிபெயர்த்தார். இந்தக் கதைகள் கடல் கடந்து ஐஸ்லாந்துக்குப் போயின. அங்கிருந்தவர்கள் அதே பாணியில் சொந்தமாகவும் புனைந்தார்கள். அவற்றில் ஒன்று நீத்திதா என்ற அரசியின் கதை. பிரான்சைத் தனியாக ஆளும் அவள், தேடி வரும் மன்னர்களை எல்லாம் அறிவால் வெல்கிறாள். கடைசியில் அவள் மணப்பது யாரைத் தெரியுமா? இந்தியாவிலிருந்து வந்த இளவரசனை!

இவை கன்றுத்தோலில் எழுதப்பட்டன. தோல் உறுதியானது, அதுவே ஆபத்தும் ஆனது. காதல் கதைகள் எழுதிய சில ஏடுகளை வெட்டி, ஸ்கால்ஹோல்ட் ஆயரின் சடங்குத் தொப்பி விறைப்பாக நிற்க உள்ளே வைத்துத் தைத்துவிட்டார்கள்! ஆர்னி மாக்னுஸ்ஸோன் என்ற அறிஞர் ஊர் ஊராகத் தேடிச் சுவடிகளைச் சேர்த்து கோபன்ஹேகனுக்குக் கொண்டு போனார். 1728இல் அந்நகரமே தீப்பற்றி எரிந்தது. தோல் சுவடிகளில் பெரும்பகுதி தப்பியது. அவருடைய அச்சு நூல்கள் பெரும்பாலும் சாம்பலாயின.

அச்சகம் 16ஆம் நூற்றாண்டிலேயே ஐஸ்லாந்துக்கு வந்துவிட்டது. ஆனால் அது திருச்சபையின் கையில் இருந்ததால், இரு நூற்றாண்டுக்கு மேலாகப் பெரும்பாலும் சமய நூல்களே அச்சேறின. கதை வேண்டுமென்றால் கையால்தான் எழுதிக்கொள்ள வேண்டும். நீண்ட குளிர்கால இரவில் வீட்டார் கம்பளி நூற்க, பின்ன, ஒருவர் உரக்கப் படிப்பார். பக்கத்துப் பண்ணையில் இரவல் வாங்கிய கதையைத் திருப்பித் தருவதற்குள் பார்த்து எழுதிக்கொள்வார்கள். நீத்திதா கதைக்கு மட்டும் 60க்கும் மேற்பட்ட பிரதிகள் இன்றும் இருக்கின்றன. மாக்னுஸ் யோன்ஸ்ஸோன் (1835–1922) என்ற விவசாயி இப்படிப்பட்ட கதைகளை 20 தொகுதிகளாகத் தம் கையாலேயே எழுதி வைத்தார்.

இவை வெறும் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிய அறிஞர்கள் உண்டு. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். டிரிஸ்டன் கதையை 12ஆம் நூற்றாண்டில் தாமஸ் என்ற கவிஞர் பிரெஞ்சில் பாடினார். அந்தப் பாடல் இன்று துண்டு துண்டாகத்தான் கிடைக்கிறது. அவர் சொன்ன கதையைத் தொடக்கம் முதல் முடிவு வரை அறிய வேண்டுமானால், ராபர்ட்டின் மொழிபெயர்ப்பைத்தான் நாட வேண்டும். அது முழுமையாகக் கிடைப்பதோ ஐஸ்லாந்துக்காரர்கள் 17ஆம் நூற்றாண்டிலும் அதன் பின்னும் காகிதத்தில் எழுதிய பிரதிகளில்! பிரான்சின் கதையைப் பனித்தீவின் எழுத்தாளர்கள் காப்பாற்றித் தந்திருக்கிறார்கள்.

"பார்த்து எழுதி என்ன சார் பயன்?" என்று வகுப்பில் என்னைக் கேட்ட பிள்ளைகளே, விடை சொல்லிவிட்டேன். உங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்லும் கதை ஏதாவது இருந்தால், இன்றே ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.