சேவைத்துறை வர்த்தகப் பேச்சுகள்: இலங்கையும் சப்ரகமுவவும்

வங்கி, காப்புறுதி, தொலைபேசி, சுற்றுலா, கணினித் தொழில், வீட்டுப் பணி போன்ற சேவைகளை நாடுகள் ஒன்றுக்கொன்று விற்கவும் வாங்கவும் வழிசெய்யும் உடன்படிக்கைகளும், அவற்றுக்காக உள்நாட்டில் நடந்த சட்டச் சீர்திருத்தங்களும் இத்தலைப்பில் அடங்கும். இலங்கையின் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் பாதிக்கு மேல் சேவைத்துறையிலிருந்தே வருகிறது. சப்ரகமுவ மாகாணத்தில், கொழும்பு–இரத்தினபுரி வீதியில் அவிசாவளையைத் தாண்டி வரும் எஹலியகொட, இந்த வரலாற்றைக் கிட்ட நின்று பார்க்க ஏற்ற ஊர். சுற்றிலும் இறப்பர், தேயிலைத் தோட்டங்கள். வயலோரங்களில் மாணிக்கக் குழிகள். தோட்டக் குடியிருப்பு வரிசைகளான லயங்களில் மத்திய கிழக்குக்குப் போய்வந்த பெண்கள்.

உடன்படிக்கை பிறந்த விதம்

1986 செப்டெம்பரில் உருகுவேயின் புந்தா தெல் எஸ்தே நகரில் புதிய வர்த்தகப் பேச்சுச் சுற்று தொடங்கியபோது, சேவைகளையும் அதில் சேர்க்க வேண்டும் என்று அமெரிக்கா வற்புறுத்தியது. இந்தியாவும் பிரேசிலும் முன்னின்று வளர்முக நாடுகள் சிலவற்றோடு சேர்ந்து அதை எதிர்த்தன. வங்கியையும் காப்புறுதியையும் அந்நியக் கம்பனிகளுக்குத் திறந்துவிட்டால் உள்ளூர் நிறுவனங்கள் தலையெடுக்க முடியாது என்பது அவற்றின் அச்சம். கடைசியில், பொருள்களுக்கு ஒரு தடம், சேவைகளுக்கு வேறொரு தடம் என்று பிரித்துப் பேச உடன்பாடு ஏற்பட்டது. அதன் விளைவான சேவைகள் வர்த்தகப் பொது உடன்படிக்கை 1994 ஏப்ரல் 15ஆம் திகதி மராக்கேஷில் கையெழுத்தானது. 1995 ஜனவரி 1ஆம் திகதி உலக வர்த்தக அமைப்போடு சேர்ந்து நடைமுறைக்கு வந்தது.

உடன்படிக்கை சேவைகளை நான்கு வழிகளாக வகுத்தது. தொலைபேசி அழைப்புப் போல சேவை மட்டும் எல்லை தாண்டலாம். சுற்றுலாப் பயணி போல வாடிக்கையாளர் வரலாம். வங்கிக் கிளை போல மூலதனம் வரலாம். பொறியியலாளர் போல சேவை செய்பவரே நேரில் போகலாம். எந்தத் துறையை எவ்வளவு திறப்பது என்பதை ஒவ்வொரு நாடும் தானே பட்டியலிடலாம் என்ற ஏற்பாடு, எதிர்த்த நாடுகள் போராடிப் பெற்ற பலன். வளர்முக நாடுகளுக்கு அக்கறையுள்ள துறைகளில் சந்தையைத் திறந்து அவற்றின் பங்கைக் கூட்ட வேண்டும் என்று 4ஆம் உறுப்புரை சொல்கிறது. இலங்கை சுற்றுலா, தொலைத்தொடர்பு, நிதிச் சேவை ஆகிய மூன்றில் மட்டுமே உறுதிமொழி கொடுத்தது.

தொலைபேசி: சீர்திருத்தம் முந்தியது

இம்மூன்றில் சாதாரண மக்களின் வாழ்க்கையை அதிகம் மாற்றியது தொலைத்தொடர்பு. இங்கே ஜெனீவாவில் நடந்த தொலைத்தொடர்புப் பேச்சுக்கு முன்னரே உள்நாட்டு வேலை தொடங்கிவிட்டது. 1989இல் செல்டெல் நிறுவனம் கையடக்கத் தொலைபேசிச் சேவையை ஆரம்பித்தது. 1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கச் சட்டத்தின் பின் அரச திணைக்களம் இலங்கை டெலிகொம் கூட்டுத்தாபனம் ஆயிற்று. 1996இல் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு அமைந்தது. கம்பியில்லா இணைப்புக் கொடுக்க சன்டெல், லங்கா பெல் இரண்டுக்கும் அனுமதி கிடைத்தது. 1997இல் ஜப்பானின் என்.டி.டி. நிறுவனம் டெலிகொமின் 35 வீதப் பங்கை 22.5 கோடி டொலருக்கு வாங்கியது. அதே ஆண்டு பெப்ரவரியில் 69 அரசுகள் அடிப்படைத் தொலைத்தொடர்பைத் திறக்க உறுதி கொடுத்தபோது இலங்கையும் அவற்றில் ஒன்று.

ஆனாலும் வெளிநாட்டு அழைப்புகளின் தனியுரிமை 2002 ஆகஸ்ட் வரை டெலிகொமிடமே இருந்தது. அந்த ஆண்டுகளில் தோட்டப்புற நகரங்களில் ‘கொமினிகேஷன்’ கடைகளே பலருக்குத் தொலைபேசி. குவைத்திலோ ரியாத்திலோ வேலை செய்யும் தாய் இத்தனை மணிக்கு எடுப்பதாகச் சொல்லியிருந்தால், பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு தோட்டத்திலிருந்து இறங்கி வந்து கடை வாசலில் காத்திருக்க வேண்டும். நிமிடத்துக்கு நிமிடம் காசு ஏறுவதால் நலம் விசாரித்த கையோடு வைத்துவிடுவார்கள். 2003இல் பல நிறுவனங்களுக்கு வெளிநாட்டு அழைப்பு அனுமதி கொடுக்கப்பட்டதும் கட்டணம் சரிந்தது. 2012இல் டயலொக் நிறுவனத்தின் ‘ஈசி கேஷ்’ வந்தபின் கையடக்கத் தொலைபேசியிலேயே பணம் அனுப்ப முடிந்தது. ஜெனீவா உறுதிமொழி கதவு மீண்டும் மூடப்படாமல் பார்த்துக்கொண்டது. கதவைத் திறந்தவை உள்நாட்டுச் சட்டமும் போட்டியும்.

கல்லைச் சுடும் கலை

சேவையைக் கைவிட்டால் என்ன இழப்பு என்பதை மாணிக்கக்கல் வியாபாரம் காட்டியது. பால்போல் கலங்கிய ‘கெவுட’ கற்களை இரத்தினபுரிப் பக்கத்தில் ஒரு காலத்தில் யாரும் பெரிதாக மதிக்கவில்லை. 1970களின் பிற்பகுதியில் தாய்லாந்து வியாபாரிகள் அவற்றை மலிவாக வாங்கிச் சென்று, உயர்ந்த வெப்பத்தில் சுட்டு, நீலக்கல்லாக விற்றார்கள். கல் சப்ரகமுவ மண்ணுடையது. பெறுமதியைக் கூட்டிய கைவேலை பாங்கொக்கில் நடந்தது. உள்ளூரில் எரிவாயு உலைகள் வந்து அந்த நுட்பம் கைகூடப் பல ஆண்டுகள் சென்றன. இன்றும் கல் வெட்டுதல், சூடேற்றல், சான்றிதழ் வழங்கல் ஆகிய சேவைகளே கல்லின் விலையைத் தீர்மானிக்கின்றன.

சுற்றுலாவிலும் மாகாணத்துக்கு இயல்பான வளம் உண்டு. கித்துல்கலவில் களனி கங்கையின் படகோட்டம், பின்னவல யானைகள் சரணாலயம், சிங்கராஜ வனம், உடவளவை, சிவனொளிபாதமலைக்கு ஏறும் இரத்தினபுரிப் பாதை எல்லாம் சப்ரகமுவவிலோ அதன் எல்லையிலோ இருக்கின்றன. 2018இல் நாட்டுக்கு 23 இலட்சத்துக்கு மேற்பட்ட பயணிகள் வந்தனர். 2019 உயிர்த்த ஞாயிறுத் தாக்குதலும் பின்னர் கொவிட் தொற்றும் அந்த வரவை முறித்தன.

பட்டியலில் இல்லாத சேவை

தோட்ட மக்கள் நேரடியாக விற்கும் மிகப் பெரிய சேவை ஏறத்தாழ எந்த வர்த்தக உடன்படிக்கையிலும் இல்லை. பால்வெட்டும் கொழுந்தும் தரும் நாட்சம்பளம் போதாமல் வீட்டுப் பணிக்கு வளைகுடா செல்லும் பெண்கள், நான்காவது வழியில் அடங்குவது போலத் தோன்றும். ஆனால் பொது உடன்படிக்கையின் பின்னிணைப்பு, மற்றொரு நாட்டின் வேலைச் சந்தைக்குள் நுழைய விரும்புவோரைத் தன் வரம்புக்கு வெளியே வைத்துவிட்டது. நடைமுறையில் கம்பனி அதிகாரிகளும் தொழில்சார் நிபுணர்களுமே உள்ளே வந்தார்கள். மூலதனம் போவதற்கு விதி உண்டு. உழைக்கும் பெண் போவதற்கு இல்லை. வளர்முக நாடுகளின் பங்கைக் கூட்டுவதாகச் சொன்ன உடன்படிக்கையின் ஆகப் பெரிய குறை இதுவே.

எனவே அவர்களின் பாதுகாப்பு 1985ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் அமைந்த வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தையும், இருநாட்டுப் புரிந்துணர்வு ஒப்பந்தங்களையும் நம்பியிருக்கிறது. ஒப்பந்தம் உறுதியாக இருந்தால் என்ன கிடைக்கும் என்பதற்குத் தென்கொரியா சாட்சி. 2004இல் தொடங்கிய அந்நாட்டின் வேலை அனுமதித் திட்டத்தில் மொழிப் பரீட்சையும் அரசுகளுக்கிடையிலான ஆட்சேர்ப்பும் இருந்ததால் தரகர்களின் பிடி தளர்ந்தது. வளைகுடா வீட்டுப் பணியில் அப்படி நடக்கவில்லை. லயம் தேடி வரும் சப் ஏஜென்ட்தான் இன்னமும் முதல் வாசல். 2013இல் கொண்டுவரப்பட்ட குடும்பப் பின்னணி அறிக்கை, ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளையுள்ள தாய் வீட்டுப் பணிக்குப் போவதைத் தடுத்தது. பின்னாளில் அது தளர்த்தப்பட்டது.

இப்பெண்களும் மற்றத் தொழிலாளரும் அனுப்பும் பணத்தின் எடை 2022இல் எல்லோருக்கும் தெரிந்தது. டொலர் விலையைச் செயற்கையாக ஒரே மட்டத்தில் பிடித்து வைத்ததால் பலர் உண்டியல் என்ற முறைசாரா வழிக்கு மாறினர். 2020இல் சுமார் 710 கோடி டொலராக இருந்த வரவு 2022இல் 380 கோடியளவுக்கு விழுந்தது. அந்த ஆண்டு ஏப்ரலில் நாடு வெளிநாட்டுக் கடன் தவணையை நிறுத்தியது. நாணய மாற்று சீரான பின், 2024இல் அந்த வரவு 650 கோடியைத் தாண்டியது.

பிராந்தியப் பேச்சுகள்

இந்தியாவுடன் 2000 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த சுதந்திர வர்த்தக ஒப்பந்தம் பொருள்களோடு நின்றது. சேவைகளையும் சேர்க்க 2005இல் தொடங்கிய விரிவான பொருளாதாரப் பங்காளித்துவப் பேச்சு 2008இல் கையெழுத்தாகும் தறுவாயில் நின்றுபோனது. 2016இல் எட்கா என்ற பெயரில் அது திரும்பியபோது மருத்துவர்களும் கணினித் தொழில்நுட்பவியலாளர்களும் வீதிக்கு வந்தனர். இந்தியத் தொழிலாளர் வந்து வேலையைப் பறிப்பார்கள் என்பது அவர்களின் பயம். சிங்கப்பூருடன் 2018இலும் தாய்லாந்துடன் 2024 பெப்ரவரியிலும் ஒப்பந்தங்கள் கையெழுத்தாயின. சிங்கப்பூர் ஒப்பந்தத்தை ஆராய நிபுணர் குழுவே அமைக்க நேர்ந்தது. யார் வரலாம், எந்தத் தகுதியோடு வரலாம் என்று சொல்லும் உள்நாட்டுச் சட்டம் முதலில் தெளிவாக இல்லாததே இந்தச் சந்தேகங்களுக்கு வேர்.

ஐரோப்பிய ஒன்றியத்தின் உதவியோடு 2018இல் வெளியான தேசிய ஏற்றுமதி மூலோபாயம் கணினிச் சேவையையும் நலச் சுற்றுலாவையும் முன்னுரிமைத் துறைகளாக்கியது. வீட்டுப் பணியும் முதியோர் பராமரிப்பும் அந்த வரிசையில் இடம்பெறவில்லை. முதன்முறை வெளிநாடு செல்லும் வீட்டுப் பணிப்பெண்ணுக்குப் பயிற்சியும் தொழிற்றகைமைச் சான்றிதழும் கட்டாயம். அந்தச் சான்றிதழை ஏற்று அதற்குரிய சம்பளம் கொடுக்க வேண்டிய கடப்பாடு அவரை வேலைக்கு எடுக்கும் நாடுகளின் மேல் உலக வர்த்தக விதிகளால் இன்றுவரை சுமத்தப்படவில்லை.